தண்ணீர் குடித்த படகு

உருண்டைக்கு அப்பாவைக் கண்டால் பயம்.

இத்தனைக்கும் அப்பா பயமுறுத்துகிற ஆளே இல்லை. வீட்டுக்குள் வந்த ஈயைக்கூட அடிக்க மாட்டார். ஜன்னலைத் திறந்துவிட்டு, "போயிட்டு வாப்பா" என்று வழியனுப்பி வைப்பார். அப்படிப்பட்டவரைப் பார்த்துத்தான் உருண்டை ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொள்வான்.

அவன் மேல் தப்புச் சொல்லவும் முடியாது. ஏரிக்கு அக்கரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கேதான் அப்பாவுக்குச் சமையல் வேலை. வீட்டு வாசலில் நின்று பார்த்தால் ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர் தெரியும். ஆனால் அங்கே போக வேண்டுமானால் ஏரியைச் சுற்றிக்கொண்டு, பஸ் மாறி பஸ் மாறிப் போக வேண்டும். அரை நாள் அதிலேயே ஓடிவிடும். அதனால் அப்பா வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிடுவார். சனிக்கிழமை வருவார். திங்கட்கிழமை விடியும்போது கிளம்பிவிடுவார்.

உருண்டைக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. சனிக்கிழமை ஒளிவான். ஞாயிறு காலை கதவு ஓரமாக நின்று அப்பாவை எட்டிப் பார்ப்பான். மத்தியானம் அப்பா நீட்டும் ரொட்டித் துண்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடுவான். சாயங்காலம் மெதுவாக வந்து அவருடைய முழங்காலைத் தொட்டுப் பார்ப்பான். அப்பாடா, பழகிவிட்டான் என்று எல்லோரும் மூச்சு விடுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

உருண்டைக்கு ஓர் அக்கா உண்டு. வயது பத்து. ஓயாமல் தொணதொணவென்று கேள்வி கேட்பதால் வீட்டில் எல்லோரும் அவளைத் 'தொணா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை அப்பா ஆசையாக உருண்டையைத் தூக்கப் போனார். உருண்டை வீல் என்று கத்தினான்.

"மாமா வேணாம்! மாமா வேணாம்!"

தெரியாத ஆண்களை 'மாமா' என்று கூப்பிடப் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா சொல்லிக் கொடுத்திருந்தார். அம்மா வேலைக்குப் போகும்போது அவரிடம்தான் உருண்டை இருப்பான்.

"சரிங்க சார், மாமா தூக்கலை" என்று சொல்லி, அப்பா இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தொணா சமையலறைக்குள் போனாள். அப்பா ஒரு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

"அப்பா, அழறீங்களா?"

"இல்லையேம்மா."

"அப்ப ஏன் கழுவின டம்ளரையே கழுவறீங்க?"

அப்பா குழாயை மூடினார். "உன்கிட்ட எதையும் மறைக்க முடியாது போலிருக்கே! கொஞ்சம் வருத்தமா இருக்கு, அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு தடவை வர்ற ஆளை மாமான்னு சொல்லாம வேற எப்படிச் சொல்லுவான்? குழந்தைதானே?"

அம்மா வாசற்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. அம்மா பேசாமல் இருந்தால் மனதுக்குள் ஏதோ முடிவு எடுக்கிறார் என்று அர்த்தம்.

என்ன முடிவு என்பது அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. கடைத்தெருவில் இருந்த போட்டோ ஸ்டுடியோவுக்குத் தொணாவை அழைத்துக்கொண்டு போனார் அம்மா. பின்பக்கத் தகரக் கொட்டகையில், கிழிந்த திரைச்சீலைகளுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே, ஒரு மரப்படகு கிடந்தது. அதன் பின்பகுதியில் ஒரு டீசல் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றின் மேலும் தூசி.

"என் மாமனார் ஓட்டினது. அவர் போனதிலிருந்து இங்கேதான் கிடக்கு. எனக்குத் தண்ணின்னாலே நடுக்கம், நான் குளிக்கிறதே பெரிய விஷயம்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

அம்மா டவுன் பஸ் ஓட்டுகிறவர். படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எஞ்சின் என்றால் கை தானாக நீளும். குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். கைப்பிடியை மாட்டிச் சுற்றினார். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு, 'டக டக டக' என்று ஓட ஆரம்பித்தது. கொட்டகையில் இருந்த பூனை கூரை மேல் ஏறிவிட்டது.

"எஞ்சின் ராஜா மாதிரி இருக்கு!" என்றார் அம்மா. அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "தொணா, இது ஓடினா அப்பா தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்."

"தினமுமா?"

"தினமும்!"

தொணா அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. படகை வாங்கியாயிற்று.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அம்மா அந்தப் படகை ஒரு பஸ்ஸைக் கவனிப்பது போலவே கவனித்தார். டெப்போவில் பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வாராம். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் பெயிண்ட் நிற்காது, உரிந்து வந்துவிடும் என்று. ஆகவே அம்மா படகை ஏரிக்கரை மணலுக்குக் கொண்டுவந்தார். நல்ல வெயில் படுகிற இடமாகத் தேடி வைத்தார். வெயில் காலம் முழுக்க அது அங்கேயே காய்ந்தது. லேசாகத் தூறல் போட்டால்கூட அம்மா தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். மரம் காய்ந்து காய்ந்து, தட்டினால் டங் டங் என்று சத்தம் கேட்டது.

"அடேயப்பா, என்னமா காய்ஞ்சிருக்கு!" என்று பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

பலகைகளுக்கு நடுவே அங்கங்கே சந்து தெரிந்தது. அம்மா அதில் பட்டி வைத்துப் பூசி, தேய்த்து, மேலே பஸ்ஸைப் போலவே பளபளவென்று சிவப்புப் பெயிண்ட் அடித்தார். முன்பக்கத்தில் ஒரு பலகை மாட்டி, வெள்ளை எழுத்தில் 'வீடு – ஆஸ்பத்திரி' என்று எழுதினார்.

"எதுக்கும்மா போர்டு? ஏரியில இது ஒண்ணுதானே ஓடப் போகுது?"

"போர்டு இல்லாம வண்டி எடுத்துப் பழக்கமே இல்லடி."

அப்பா வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை படகை ஏரியில் இறக்கினார்கள். தெருவே திரண்டு வந்து உருளைக் கட்டைகள் போட்டுத் தள்ளியது. தையல்கார அக்கா உருண்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு கைதட்டினார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் எல்லோரிடமும் அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டாராம், "இனிமே நான் வீட்டுல போய்த்தான் தூங்குவேன்" என்று.

படகு தண்ணீரில் மிதந்தது. அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினார். அம்மா எஞ்சின் பக்கத்தில் போய் நின்றார். தொணா நடுவில் உட்கார்ந்தாள். அவள் காலில் ஏதோ சில்லென்று பட்டது.

"அம்மா, தண்ணி."

"ஏரின்னா தண்ணி இருக்கத்தானே செய்யும்?"

"ஏரியில இல்லம்மா. உள்ளே!"

முதலில் ஓர் இடத்தில்தான் ஊறியது. அப்புறம் இன்னோர் இடம். பூசிய பட்டி பொரிந்து பொரிந்து விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகைச் சந்து ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் வழிந்தது. அப்பா கையில் இருந்த செருப்பாலேயே தண்ணீரை அள்ளி வெளியே கொட்டினார்.

"இது படகா, வடிகட்டியா?" என்று கேட்டார், எல்லோரையும் சிரிக்க வைக்கலாம் என்று. யாரும் சிரிக்கவில்லை.

எல்லோரும் சேர்ந்து படகைக் கரைக்கு இழுத்தார்கள். முன்பக்கம் மணலில் ஏறிவிட்டது. எஞ்சின் இருந்த பின்பக்கம் கனம். எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. சரி, கிடக்கட்டும் என்று அப்படியே கட்டிப் போட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள் விடியும்போது அப்பா பழையபடி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். "பரவாயில்ல விடு. நீ இவ்வளவு பண்ணினதே எனக்குப் போதும்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று சாயங்காலம் அம்மா பழைய இரும்புக் கடைக்காரருக்குப் போன் செய்தார். சனிக்கிழமை காலையில் வந்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போவதாக அவர் சொன்னார். மரம் விறகுக்கு ஆகும் என்றும் சொன்னார்.

"ஏம்மா அவசரப்படறே? ஓட்டையை அடைக்க முடியாதா?" என்று தொணா கேட்டாள்.

"பஸ்ஸா இருந்தா பஞ்சர் ஒட்டலாம். இதுக்கு உடம்பெல்லாம் ஓட்டை. எதைன்னு அடைக்கிறது?" அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உங்க அப்பாவை அதுல ஏத்தி நடு ஏரிக்கு அனுப்ப எனக்குத் தைரியம் இல்லடி."

தொணா வாசலுக்குப் போய் அக்கரையைப் பார்த்தாள். இனிமேல் அப்பா சனிக்கிழமை மாமாவாகவேதான் இருப்பார். உருண்டை பெரியவன் ஆகிப் பள்ளிக்கூடம் போகும்போதுகூட அப்பாவைப் பார்த்து ஒளிந்துகொண்டால் என்ன செய்வது என்று நினைத்தாள். நினைக்கவே பிடிக்கவில்லை.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உருண்டையைக் கூட்டிக்கொண்டு படகைப் பார்க்கப் போனாள். இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கப் போகிறது, போய்ப் பக்கத்தில் உட்காரலாம் என்று.

உருண்டைக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. அவனுக்கு ஓட்டை என்றால் உயிர். எந்த ஓட்டையைப் பார்த்தாலும் அதற்குள் எதையாவது நுழைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காய்ந்த குச்சியை எடுத்துக்கொண்டு படகின் முன்பக்கச் சந்து ஒவ்வொன்றிலும் செருகினான். குச்சி உள்ளே போனது. கெக்கெக்கே என்று சிரித்தான். அடுத்த சந்து, அடுத்த குச்சி, அடுத்த சிரிப்பு.

அப்படியே நகர்ந்து நகர்ந்து படகின் பின்பக்கம் வந்தான். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு குச்சியைச் செருகினான். போகவில்லை. மறுபடியும் அழுத்தினான். குச்சி பட்டென்று ஒடிந்தது.

உருண்டை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"அழாதேடா தங்கம். குடு, அக்கா போட்டுத் தரேன்" என்று தொணா வேறு குச்சியை எடுத்தாள். அவளாலும் முடியவில்லை. பக்கத்துச் சந்தில் முயன்றாள். அங்கேயும் முடியவில்லை.

தொணா சட்டென்று நிமிர்ந்தாள். பள்ளிக்கூடப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். முன்பக்கம் போய் ஒரு சந்தில் வைத்தாள். ஸ்கேல் உள்ளே இறங்கியது. பின்பக்கம் வந்து வைத்தாள். ஸ்கேலின் முனைகூட நுழையவில்லை. பலகையும் பலகையும் ஒட்டிப் பிறந்த மாதிரி நெருக்கமாக இருந்தன.

"அதே மரம். அதே வெயிலு. அதே பெயிண்ட். அப்புறம் ஏன்டா உருண்டை இங்கே மட்டும் சந்து இல்ல?"

உருண்டை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளைப் பார்த்தான். தொணா கீழே குனிந்து பார்த்தாள். அவள் கால் தண்ணீருக்குள் இருந்தது. படகின் பின்பக்கமும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தண்ணீருக்குள்தான் இருந்தது.

தொணா உருண்டையை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, நம்ம பாத்ரூம் கதவு மழைக்காலத்துல ஏன் சாத்த மாட்டேங்குது?"

"ஈரத்துல மரம் ஊதிக்குது. அதான்."

"வெயில் காலத்துல?"

"சுருங்கிக்கும். நல்லாச் சாத்தும். ஏன், இப்ப அதுக்கு என்ன வந்துச்சு?"

"அப்ப படகும் அப்படித்தானேம்மா? நாம அதை வெயில்ல போட்டுச் சுருங்க வெச்சுட்டோம். தண்ணில கிடந்தா ஊதிக்கும். சந்தெல்லாம் தானா மூடிக்கும். பின்பக்கம் மூடியே போச்சு, வந்து பாரேன்!"

அம்மா ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு எழுந்து, பாதி குடித்த டீயை அப்படியே வைத்துவிட்டு, ஸ்கேலை வாங்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தார். முன்பக்கம் வைத்துப் பார்த்தார். பின்பக்கம் வைத்துப் பார்த்தார். எல்லாச் சந்தையும் பார்த்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான்தான் இதைக் கெடுத்தேனா? தூறல் விழுந்தாக்கூட ஓடி ஓடி மூடினேனே!"

அம்மாவின் குரல் உடைந்து போயிருந்தது. தொணா பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"கெடுக்கலம்மா. அதுக்குத் தாகம். அவ்வளவுதான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப என்ன பண்ணணுங்கறே?"

"முழுசாத் தண்ணிக்குள்ள விடணும்."

"ஓட்டைப் படகைத் தண்ணில விட்டா முழுகிடும்டி!"

"ஆழமே இல்லாத இடத்துல விட்டா எப்படி முழுகும்? தரையில உட்கார்ந்துக்கும். குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரிம்மா."

அம்மா யோசித்தார். எஞ்சின் நனைந்தால் எல்லாம் போச்சு. அதனால் எஞ்சினுக்குக் கீழே படகின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்து, தெருக்காரர்களைக் கூப்பிட்டுப் படகைத் தள்ளி விட்டார். படகு மெல்ல மெல்ல நிறைந்து, எருமை மாதிரி சுகமாகத் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் எட்டாத மேல் பலகைகளில் ஈரச் சாக்குகளைப் போர்த்தினார்கள்.

தினமும் சாயங்காலம் சாக்குகளை நனைப்பது தொணாவின் வேலை. உருண்டையும் சும்மா இருக்கவில்லை. தன்னுடைய பால் டம்ளரில் ஏரித் தண்ணீரை மொண்டு மொண்டு படகுக்குள் ஊற்றினான். பாதி அவன் சட்டையில் கொட்டியது.

"குடி படகே, குடி. நீ வந்தாத்தான் அப்பா வருவாரு" என்று தொணா சொல்லிக்கொண்டே சாக்கை நனைத்தாள்.

"குடி, குடி! அப்பா, குடி!" என்றான் உருண்டை, படகைத் தட்டிக்கொடுத்தபடி.

சனிக்கிழமை காலையில் இரும்புக் கடைக்காரர் தள்ளுவண்டியும் ஸ்பேனர்களுமாக வந்து நின்றார். தண்ணீருக்குள் பாதி இறங்கிக் கிடந்த படகைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"என்னம்மா இது, நான் வர்றதுக்குள்ள முழுகடிச்சிட்டீங்க?"

"முழுகலை மாமா, தண்ணி குடிக்குது" என்றாள் தொணா.

"தண்ணி குடிக்குதா! சரிதான். குடிச்சு முடிச்சதும் சொல்லு, நான் எஞ்சினைக் கழட்டணும்."

அம்மாவுக்குத் தயக்கம். இவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, படகும் ஓடாமல் போனால்? தொணாவுக்கு அது புரிந்தது.

"மாமா, நீங்க ஒரு டீ குடிங்க. அதுக்குள்ள நாங்க தண்ணியெல்லாம் இறைச்சு வெளிய ஊத்தறோம். நீங்க டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள திரும்பத் தண்ணி உள்ளே வந்துச்சுன்னா, எஞ்சினை எடுத்துக்கோங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நீ ஒரு வார்த்தை பேச மாட்டியா? அதுக்காகவே குடிக்கலாம்" என்று கடைக்காரர் மணலில் உட்கார்ந்தார்.

தையல்கார அக்கா டீ கொண்டுவந்தார். அம்மாவும் தொணாவும் வாளி வாளியாக இறைத்தார்கள். உருண்டை இறைத்த தண்ணீரைத் திரும்பப் படகுக்குள் ஊற்றப் போனான். அவனைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் குறையக் குறையப் படகு தரையிலிருந்து மெல்லத் தூக்கிக்கொண்டு மிதந்தது. கடைசியில் அடியை ஒரு துணியால் துடைத்தார்கள்.

இப்போது எல்லோரும் படகின் அடியையே பார்த்தார்கள். கடைக்காரர் டீயை ஒரு வாய் குடித்தார். ஒரு மூலையில் மெல்லக் கசிந்தது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. அம்மா தொணாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைக்காரர் டீயை முடித்துவிட்டு எழுந்து வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு கைப்பிடித் தண்ணீர்கூடச் சேர்ந்திருக்கவில்லை. அந்தக் கசிவை விரலால் தடவினார். அதையும் அவர் கண்ணெதிரே மரம் உறிஞ்சிக்கொண்டது போலிருந்தது.

"நான் பழசாப் போனதை வாங்கத்தான் வந்தேன்மா" என்று சொல்லி அவர் ஸ்பேனர்களைத் திரும்ப வண்டியில் போட்டார். "இது இன்னும் பழசாகலை. டீ நல்லா இருந்துச்சு."

அன்று சாயங்காலம் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, சிவப்புப் படகு ஏரியில் மிதந்துகொண்டிருந்தது. அப்பா பையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றார். மரப்படகை எப்போதும் தண்ணீரிலேயே வைத்திருக்க வேண்டும், கொஞ்சமாக ஊறுவதைத் தினமும் இறைத்துவிட வேண்டும் என்று தொணா மூச்சு விடாமல் விளக்கினாள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தார்.

மறுநாள் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டு முதல் சவாரி கிளம்பினார்கள். அம்மாதான் ஓட்டினார். எல்லாம் நன்றாகவே போனது, திரும்பி, கரையில் எப்போதோ கட்டிய பழைய படகுத்துறைக்கு வரும்வரை. துறை பக்கத்தில் வந்ததும் அம்மாவின் வலது கால் தானாகவே எதையோ தேடி அழுத்தியது. அங்கே ஒன்றும் இல்லை.

"பிரேக் எங்கே? பிரேக் எங்கே?" என்று கத்தினார் அம்மா.

படகு போய்த் துறையில் 'டொம்' என்று இடித்தது. நல்லவேளை, அங்கே பழைய டயர்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அடுத்து அப்பா முயன்றார். அவருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் துறைக்கு வெகு முன்பாகவே எஞ்சினை நிறுத்திவிட்டார். படகு தானாக மிதந்து வந்து, வேகம் குறைந்து, டயரை முத்தமிடுகிற மாதிரி தொட்டு நின்றது.

அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "எப்படிங்க?"

"முட்டை வேக வைக்கிற மாதிரிதான். கொஞ்சம் முன்னாடியே அடுப்பை அணைச்சிடணும். மீதி அந்தச் சூட்டுலயே வெந்துடும்" என்றார் அப்பா. அன்று முழுக்க அவர் நடையே தனி நடையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தார். அப்பா நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகு தினமும் காலையில் படகில் போய், சாயங்காலம் படகில் வந்தார். முதல் நாள் சாயங்காலம் தூரத்தில் 'டக டக டக' என்று சத்தம் கேட்டதுமே உருண்டை துள்ளி எழுந்தான்.

"அப்பா! அப்பா!"

தையல்கார அக்காவின் கையை இழுத்துக்கொண்டு துறைக்கு ஓடினான். அம்மாவும் தொணாவும் பின்னாலேயே ஓடினார்கள். அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. படகிலிருந்து இறங்கிய அப்பா சந்தோஷம் தாங்காமல் மண்டி போட்டுக் கைகளை விரித்தார்.

உருண்டை அவரைத் தாண்டி ஓடிப் போய், படகின் பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டான்.

"அப்பா!" என்று படகைத் தட்டிக்கொடுத்தான்.

தொணா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அப்பா! நான்தான் தினமும் 'படகு வந்தா அப்பா வருவாரு'ன்னு சொன்னேன். படகோட பேருதான் அப்பான்னு நினைச்சுட்டான்."

அப்பா விரித்த கைகளை மெல்ல மடக்கிக்கொண்டு எழுந்தார். "பரவாயில்ல. மாமாவுக்கு இது எவ்வளவோ மேல்! முதல்ல படகு அப்பாவா இருக்கட்டும், நான் அடுத்து வரிசையில நிக்கிறேன்."

வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனால் நகர்ந்தது. அப்பா தினமும் வந்தார். தினமும் உருண்டைக்கு ரொட்டியைப் பாலில் தோய்த்துக் கொடுத்தார். சில நாள் அவன் அப்பாவின் முதுகில் சாய்ந்துகொண்டு பொம்மையை உருட்டுவான். ஒளிந்துகொள்வதையே மறந்துவிட்டான். ஆனால் 'அப்பா' மட்டும் படகுதான். அப்பாவை அவன் எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. வேண்டுமென்றால் சட்டையைப் பிடித்து இழுப்பான்.

ஒருநாள் மத்தியானத்திலிருந்தே பலத்த காற்று. ஏரியில் அலை எழும்பியது. மழையும் பிடித்துக்கொண்டது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "இன்னிக்குப் படகை எடுக்காதீங்க. லேட்டானாலும் பஸ்லயே வாங்க" என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் 'டக டக' சத்தம் கேட்கவில்லை. உருண்டை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா?" என்று கேட்டான்.

"வருவாரு" என்றார் அம்மா.

விளக்கு போடும் நேரம் ஆயிற்று. சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. "அப்பா?" என்று மறுபடியும் கேட்டான். படகைத்தான் கேட்கிறான் என்று தொணா நினைத்தாள். துறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம் என்றால் அங்கே படகும் இல்லை, அது அக்கரையில் இருந்தது.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. தொணா கதவைத் திறந்தாள்.

வாசலில் அப்பா நின்றார். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் காய்கறி கொண்டுவரும் வேனில் பாதி வழி வந்து, மீதி பஸ் பிடித்து, பஸ் நிறுத்தத்திலிருந்து மழையில் நடந்தே வந்திருந்தார்.

உருண்டை ஜன்னலை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தான். அப்பாவின் கால்களுக்கு நடுவே குனிந்து வெளியே எட்டிப் பார்த்தான். படகு இல்லை. மழைதான் பெய்துகொண்டிருந்தது. அப்பா அசையவே இல்லை. குழந்தை ஏமாந்து போய் அழப் போகிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

உருண்டை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிறகு அவருடைய ஈர விரலைப் பிடித்தான்.

"அப்பா" என்றான். "வா."

பிடித்த விரலை விடாமல் வீட்டுக்குள் இழுத்தான். அப்பா செருப்பைக் கழற்றவில்லை, தலையைத் துவட்டவில்லை. இழுத்த இழுப்புக்கு அப்படியே பின்னால் போனார். கூடம், சமையலறை, படுக்கையறை என்று வீடு பூராவும் தண்ணீர் சொட்டியது.

அம்மா அன்றைக்குத்தான் தரையைத் துடைத்திருந்தார். ஆனாலும் ஒரு வார்த்தை திட்டவில்லை.